திரும்பு நைனா

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. மறந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம், நன்றாகவே ஞாபகம் இருக்கிறது. எண்ணூரிலிருந்து ராயபுரம் வரை எத்தனையோ பேர் அந்தப் பெயரை வாய் நிறையச் சொல்லிக் கேட்டவன் நான். என் வாயும் சேர்ந்து சொல்ல வேண்டாம் என்று விட்டுவிட்டேன். இத்தனை வருஷம் கழித்துமா இந்த வயிற்றெரிச்சல் என்று கேட்டால், ஆமாம் என்பதுதான் பதில். ‘அவன்’ என்று எழுதத்தான் கை போகிறது. மரியாதைக்கு ‘அவர்’ என்றே எழுதுகிறேன்.

அவருக்குத் தேன்கூடு கலைக்கிற தொழில். முன்னே துறைமுகத்தில் கலாசியாக, அதாவது கயிறு கட்டிப் பாரம் ஏற்றி இறக்குகிற ஆளாக, இருந்தவர். உயரம் அவருக்குப் பழக்கம். எங்கள் பக்கத்துத் தேனீ பெட்டியில் வளர்க்கிற சாது ஜாதி இல்லை. மலைத்தேனீ. வெட்டவெளியில், முறம் அகலத்துக்கு ஒரே அடையாகத் தொங்கும். ஒன்று கொட்டினால் போதும், மொத்தக் கூட்டமும் கிளம்பித் தெருமுனை வரை துரத்தும். ஆளையே சாய்த்துவிடும். மாதா கோயில் கோபுரம், துறைமுகத்துக் கிரேன், கம்பெனித் தண்ணீர்த் தொட்டி என்று எங்கே கூடு கட்டினாலும் சைக்கிளில் அவர் வந்து இறங்குவார். காக்கி அரை நிஜார், கை வைத்த பனியன். கேரியரில் ஒரு டின் நிறையத் தேங்காய் மட்டை, ஒரு கட்டு வேப்பந்தழை, கயிறு, நனைத்த கோணி.

நான் திருவொற்றியூரில் ஒரு பெயிண்ட் கம்பெனியில் தீயணைப்பு ஆள். தீ, வெள்ளம், பாம்பு, தேனீ எல்லாம் எங்கள் பொறுப்பு என்று போர்டே எழுதி மாட்டியிருந்தார்கள். பூட்ஸ், ஹெல்மெட், சைரன், எல்லாம் எனக்குக் கொடுத்திருந்தார்கள். இவை எதுவும் இல்லாத ஒரு மனிதர் சைக்கிளில் வந்து என் வேலையைச் செய்துவிட்டுப் போனால் எனக்கு எப்படி இருக்கும்?

முதல் வருஷம் தண்ணீர்த் தொட்டியின் அடியில் கூடு வைத்தபோது நான்தான் போனேன். குழாயைத் திறந்து தண்ணீரை அடித்தேன். அடை அறுந்து விழுந்தது, கேன்டீன் ஆட்கள் கைதட்டினார்கள். பத்து நாளில் தொட்டியில் ஒன்று, சைக்கிள் ஸ்டாண்டில் ஒன்று, ஆபீஸ் மாடியில் ஒன்று என்று மூன்று கூடு தொங்கியது. வெல்ஃபேர் ஆபீஸர் என்னைக் கூப்பிட்டு, தண்ணீர் ஊற்றி வளர்த்தாயா என்று கேட்டார்.

அப்போதுதான் அவரை வரவழைத்தார்கள். வந்தவர் உடனே ஏறவில்லை. கையைக் கட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் அண்ணாந்து பார்த்தார். மறுநாள் விடியற்காலையில் ஏறினார். புகையைக் காட்டிக்கொண்டே, “எறங்கு, எறங்கு, டெர்மினஸ் வந்துச்சு” என்று பஸ் கண்டக்டர் மாதிரி தேனீக்களிடம் பேசினார். அதுகளும் டிக்கெட் வாங்கின மாதிரி அடையைவிட்டு மெதுவாக நகர்ந்தன. அடையை அறுத்து இறக்கிய பிறகும் அவர் இறங்கவில்லை. சிமெண்டில் ஒட்டியிருந்த மெழுகைக் கத்தியால் சுரண்டிச் சுண்ணாம்பைப் பூசினார். அந்த மெழுகுதான் அதுகளுக்கு விலாசமாம். அதை விட்டுவைத்தால் அடுத்த வருஷம் வழி கேட்காமலே வந்துவிடுமாம். நான் தண்ணீர் அடித்த இடத்தில் மெழுகு அப்படியே இருந்தது. இதையெல்லாம் என் ஆபீஸரிடம், என்னை வைத்துக்கொண்டே சொன்னார்.

கேன்டீனில் அவர் உட்கார்ந்தால் சுற்றிலும் ஆள் கூடிவிடும். நான் மாதம் ஒரு முறை நடத்துகிற தீயணைப்புப் பயிற்சிக்கு அதில் பாதிப் பேர்கூட வந்ததில்லை. தேனீ எப்படிப் பரவுகிறது என்பதை அவர் குடும்பக் கதை மாதிரி சொல்லுவார். கூட்டம் பெருத்துவிட்டால் கெயவி ராணி பாதிப் பேரை இட்டுக்கினு கெளம்பிடும், வூட்டைப் பொண்ணுக்கு வுட்டுட்டு. எந்த மாமியாருக்கு இந்தப் புத்தி வரும் என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். மழை முடிந்ததும் ஆந்திரா மலைப் பக்கமிருந்து பூவைத் தேடி இறங்கி, வழியில் மரம் மரமாகத் தங்கித் தங்கி வரும் என்றும், முதலில் எண்ணூர்ச் சவுக்கு, அப்புறம் எங்கள் தொட்டி, கடைசியில் துறைமுகம் என்றும் வரிசையாகச் சொல்லுவார். ஒரு பங்குனியில், “எண்ணூர்ல எறங்கிடுச்சு, பத்து நாள்ல உங்காண்ட வரும்” என்று சொல்லிவிட்டுப் போனார். பத்தாம் நாள் வந்தது. ஆபீஸர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் நான் மறக்கவில்லை.

ஆனால் அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியது இது ஒன்றும் இல்லை. அவர் ஓடமாட்டார். அதுதான் அவர். எத்தனை கூடு கலைத்தாலும், எத்தனை கொட்டு வாங்கினாலும், அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. கல்யாண வீட்டில் பந்திக்குப் போகிற மாதிரி நடந்துதான் வருவார். யாராவது கொட்டு வாங்கிக்கொண்டு வந்து நின்றால், மருந்து மாத்திரைக்கு முன்னால் அவர் சொல்லுவது ஒன்றே ஒன்றுதான்.

“திரும்பு நைனா.”

ஆளைத் திருப்பி நிறுத்தி முதுகைப் பார்ப்பார். கொடுக்கு முகத்திலும் மார்பிலும் இருந்தால் நின்றவன், முதுகில் இருந்தால் ஓடினவன். அவ்வளவுதான் கணக்கு. முதுகில் இருந்தால் சிரிப்பார். மேஸ்திரியிலிருந்து வாட்ச்மேன் வரை எல்லோரையும் இப்படித் திருப்பியிருக்கிறார். கடைசியில் அது கம்பெனியில் வசனமாகிவிட்டது. எவனாவது வேலைக்கு டிமிக்கி கொடுத்துவிட்டு வந்தால், ‘திரும்பு நைனா’ என்பார்கள்.

என்னையும் ஒரு நாள் திருப்பினார், அதுவும் என் வீட்டில்.

கல்யாணமான புதுசு. கம்பெனி குவார்ட்டர்ஸில் எங்கள் ஜன்னலுக்கு மேல் ஒரு கூடு வைத்துவிட்டது. எனக்கு அன்றைக்கு லீவு. ஜன்னலை அடைத்துவிட்டு, கம்பெனித் தீயணைப்பு ஸ்குவாடைக் கூப்பிடலாம் என்றேன். என் மனைவி ராயபுரத்துப் பெண். “நீங்கதானே ஸ்குவாடு” என்றாள். நான் பதில் யோசிப்பதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் அவரைக் கூட்டிவந்துவிட்டார். அவள் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தாள். மணிக்கட்டில் ஒன்று கொட்டியது. அப்போதும் நகரவில்லை. அவர் இறங்கி வந்து, கிள்ளாதே தங்கச்சி, கிள்ளினால் விஷம் உள்ளே இறங்கிவிடும், நகத்தால் சுரண்டு என்று சொல்லிக்கொடுத்தார். நின்று கொட்டு வாங்கின பொம்பளையை இப்போதுதான் பார்க்கிறேன் என்று வேறு சொன்னார். எனக்கும் ஒன்று கொட்டியிருந்தது. எங்கே என்று கேட்டார். நான் சொல்லவில்லை.

“திரும்பு மச்சான்” என்றார்.

அவள் தங்கச்சி ஆகிவிட்டபடியால் நான் மச்சான் ஆகிவிட்டேன். ஜன்னலை அடைத்துவிட்டு உள்ளே போகும்போது பிடரியில் வாங்கின கொட்டு. அவர் சிரித்தார். அது போகட்டும். என் மனைவியும் சிரித்தாள்.

அன்றிலிருந்து வீட்டில் அண்ணன் புராணம்தான். அண்ணன் இன்றைக்கு மாதா கோயில் கோபுரத்தில் ஏறினாராம், அண்ணன் வேலைக்குப் போகிற நாளில் சோப்புப் போட மாட்டாராம், பீடியைத் தொட மாட்டாராம். அவள் மனசில் ஒன்றும் தப்பாக இல்லை, எனக்குத் தெரியும். அண்ணன் என்றால் அண்ணன்தான். ஆனால் பொறாமைப்பட அது போதும். நான் ஹெல்மெட் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பும்போது அவள் ஒரு நாளும் வாசலில் நின்று வேடிக்கை பார்த்ததில்லை.

தின்னர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கம்பெனியில் செய்கிற ஒரு வகைத் தின்னரில் வாழைப்பழ வாசனை அடிக்கும். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு மோந்து பார்த்ததும் எச்சில் ஊறும். சட்டையில் பெயிண்ட் பட்டால் துணியில் அந்தத் தின்னரை நனைத்துத் துடைப்பது எல்லோருக்கும் வழக்கம். ஒரு தரம் அவர் தொட்டியடியில் நின்றபோது நான் பக்கத்தில் போனேன். மூக்கைச் சுளித்தார்.

“கிட்ட வராத மச்சான். உன் சட்டைல வாயப்பயம் வாசன வருது. ஒண்ணு கொட்னா இதே வாசனதான் வரும். அத மோந்துட்டுத்தான் மத்ததுங்க ஓடியாரும்.”

பத்துப் பேர் முன்னால் சொன்னார். என்னைத் தள்ளி நிறுத்தி, பேர் வாங்குவதற்குக் கட்டின கதை என்று நினைத்தேன். அதற்குப் பிறகு தின்னர் பட்ட சட்டையைத்தான் வேண்டுமென்றே போட்டுக்கொண்டு நடந்தேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. என் மனைவி முழுகாமல் இருந்தாள். ஒரு நாள் வெல்ஃபேர் ஆபீஸர் இங்கிலீஷ் பத்திரிகை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு கலவரமாக உட்கார்ந்திருந்தார். பிரேசில் நாட்டில் ஒரு விஞ்ஞானி ஆப்பிரிக்காவிலிருந்து தேனீ வரவழைத்தாராம். சில கூட்டம் தப்பிவிட்டதாம். உள்ளூர்த் தேனீயோடு கலந்து ஊர் ஊராகப் பரவி, மனிதனையும் மாட்டையும் துரத்தித் துரத்திக் கொட்டுகிறதாம். எங்கள் தொட்டியில் அந்த வாரம்தான் புதிதாக ஒரு கூடு கட்டியிருந்தது.

எனக்குச் சந்தர்ப்பம் கிடைத்துவிட்டது. துறைமுகம் மூன்று மைலில் இருக்கிறது சார், எந்தெந்த நாட்டுக் கப்பலோ வருகிறது, மரக்கட்டையோடு ஒரு கூட்டம் வந்தால் போதாதா என்றேன். ஆபீஸர் முகம் வெளுத்தது. இது புகைக்கு அடங்குகிற ஜாதி இல்லை சார், மருந்து அடித்து ஒரேயடியாக ஒழிக்க வேண்டும், வெளியாள் எதற்கு, நானே செய்கிறேன் என்றேன்.

அவரையும் ஒரு வார்த்தை கேட்டார்கள். வந்து தொட்டியைப் பார்த்தார், பத்திரிகையில் இருந்த படத்தையும் வாங்கிப் பார்த்தார். “படத்துல இது பொட்டிக்குள்ள கீது சார். நம்மள்து பொட்டில குடித்தனம் பண்ணாது. ஆப்பிரிக்கா கீப்பிரிக்கா ஒண்ணும் இல்ல, இது நம்மூருதான்” என்றார். இங்கிலீஷ் ஒரு எழுத்துத் தெரியாத மனிதர், படத்தை மட்டும் பார்த்து ஆபீஸரைவிடச் சரியாகப் படித்துவிட்டார். ஆனால் பயந்தவனுக்குப் பயப்படச் சொல்கிறவன்தான் வேண்டியவன். ஆபீஸர் என் பக்கம் சாய்ந்தார். அவருக்குக் கேட் பாஸ் கொடுக்க வேண்டாம் என்று வாட்ச்மேனுக்கு உத்தரவு போயிற்று. அந்த உத்தரவை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மறுநாள் காலை. ஷிஃப்ட் முழுக்கப் பார்க்கப் போகிறது என்று யூனிஃபார்மைப் பெட்டி போட்டு வைத்திருந்தேன். தோள்பட்டையில் ஒரு பச்சைக் கறை. விடுவேனா? தின்னரை நனைத்து அழுத்தித் தேய்த்தேன். கமகமவென்று வாழைப்பழ வாசனையோடு தொட்டியடிக்குப் போனேன். ஆனால் ஆபீஸர் முற்றத்தில் வேறு யாரையும் விடவில்லை, எல்லோரும் ஷெட்டுக்குள்ளே கதவு ஜன்னலை அடைத்துக்கொண்டு இருந்தார்கள். கீழே பம்பு அடிக்க ஒரு காண்ட்ராக்ட் தொழிலாளி மட்டும் நின்றார். ஐம்பது வயதைத் தாண்டியவர், ஒரு காலைத் தாங்கித் தாங்கி நடப்பவர். நான் இரும்புப் படியேறி மேடையில் நின்று மருந்தைப் பீய்ச்சினேன்.

ஒன்று தோளில் கொட்டியது. அதற்கப்புறம் அடையே கிளம்பி என் மேல் வந்தது. குழாயைப் போட்டுவிட்டு இறங்கி ஓடினேன். படியடியில் அந்தப் பெரியவர் தடுக்கி விழுந்து கிடந்தார். அவரைத் தாண்டித்தான் ஓடினேன். தாண்டி என்றால், நிஜமாகவே மேலே காலைத் தூக்கிப் போட்டுத் தாண்டினேன். பம்பு ரூமுக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டேன். சைரன் ஸ்விட்ச் அங்கேதான் இருந்தது. அது கண்ணில் படவே கொஞ்ச நேரம் ஆனது.

கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தேன்கூடு கலைக்கிற அவர் கேட்டுப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தார். மருந்து அடிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டுத் தடுக்க வந்தவர், வாட்ச்மேனோடு வாதாடிக்கொண்டு நின்றிருக்கிறார். வாட்ச்மேன் அறைக்குள் ஓடிவிட்டார், இவர் உள்ளே வந்துவிட்டார். தோளில் நனைத்த கோணி. முற்றம் முழுக்கத் தேனீ. அவர் நடந்து வந்தார். பெரியவர் மேல் கோணியைப் போர்த்தி, அது எட்டாத இடத்துக்குத் தன் உடம்பைக் கொடுத்து, அப்படியே அணைத்துத் தூக்கி, அடி அடியாக நடத்திக்கொண்டு ஷெட்டுக்குப் போனார்.

கதவைத் திறந்துகொண்டு போக வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. இப்பவும் எப்படி நடக்கிறான் பார் என்றுதான் தோன்றியது. உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

பெரியவர் பிழைத்தார். இருவரையும் அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கம்பெனி டிஸ்பென்சரியில் எனக்கு ஊசி போட்டு, கழுத்திலும் கையிலும் இருந்த கொடுக்கை எடுத்தார்கள். சட்டையைக் கழற்றச் சொன்னபோது வேண்டாம் என்றேன். அங்கே எல்லோருக்கும் அந்த வசனம் தெரியும்.

மத்தியானமே ஆபீஸர் விசாரணைக்கு என்னையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். கூட நின்ற ஆளை விட்டுவிட்டு ஓடியது யார் என்பதுதான் கேள்வி. அது நான் என்று ஆனால், அன்றைக்கே வேலை போய்விடும், குவார்ட்டர்ஸும் போய்விடும். கீழே விழுந்தவர் எதையும் பார்க்கவில்லை. அறைக்குள் ஓடின வாட்ச்மேன் தன் வேலைக்குப் பயந்து ஒன்றும் பார்க்கவில்லை என்றுவிட்டார். பார்த்தது கேட்டில் நின்ற அவர் ஒருவர்தான். கேட்டிலிருந்து முற்றம் நேராகத் தெரியும். கட்டிலில் படுத்திருந்தார். முகம் முகமாக இல்லை. இரண்டு கண்ணும் மூடிக்கொண்டிருந்தன. ஆபீஸர் நோட்டைத் திறந்ததும் அவரே பேசினார்.

“மொதல்ல ஓடனவன் நான்தான் சார். பாஸ் இல்லாம வேடிக்க பாக்க உள்ள பூந்துட்டேன். அதுங்க கெளம்பனதும் பயந்து ஓடனேன். அந்த ரகளைலதான் பெரியவரு வியுந்தாரு. ஃபயர்காரரு சைரன் போடப் போனாரு. அப்பால மனசு கேக்காம நான் திரும்பி வந்தேன்.”

ஆபீஸர் எழுதி, அவர் கைநாட்டை வாங்கிக்கொண்டு டாக்டரைப் பார்க்கப் போனார். நான் கட்டிலருகில் நின்றேன். எதற்காக இப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

“தங்கச்சிக்கு இது எட்டாவது மாசம் இல்ல மச்சான்” என்றார். பிறகு, “அந்தச் சட்டைய மொதல்ல கயட்டு. இன்னும் வாயப்பயம் வாசன வருது” என்றார்.

அந்த வாக்குமூலத்துக்கு அப்புறம் எங்கள் கம்பெனி அவரைக் கூப்பிடவில்லை. சாலையில் மற்றக் கம்பெனிகளுக்கும் பேச்சுப் பரவியது. தேனீயைக் கண்டு ஓடினவரை எவன் கூப்பிடுவான்? சைக்கிளில் போகிறவரைப் பார்த்து டீக்கடையிலிருந்து, “திரும்பு நைனா” என்று அவர் வசனத்தையே திருப்பிச் சொன்னார்கள். அவர் சிரித்துக்கொண்டே போவார். முதல் தடவை அதைக் கேட்டபோது எனக்கு இனித்தது, பொய் சொல்ல மாட்டேன். மறுபடியும் துறைமுகத்துக்குப் பாரம் தூக்கப் போய்விட்டார் என்று பிறகு சொன்னார்கள். ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. வேலையில் இருந்தேன், தலைமைத் தீயணைப்பாளராகவும் ஆனேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். விஷயம் எனக்கு முன்னாலேயே குவார்ட்டர்ஸுக்கு வந்துவிட்டிருந்தது. என் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். என்னை ஸ்டூலில் உட்காரவைத்து, சட்டையை அவளே கழற்றினாள். உடம்பு தீயாக எரிந்தது. ஆனாலும் எனக்கு அதைச் சொல்ல வேண்டும், என் வாயால் சொல்ல வேண்டும். எத்தனை நாள் காத்திருந்தேன்.

உன் அண்ணன் ஓடிவிட்டாராம் என்றேன். அவரே ஒத்துக்கொண்டார், ஆபீஸர் எழுதிக்கொண்டார், நான் பக்கத்தில் நின்று கேட்டேன் என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள், மார்பைப் பார்த்தாள். ஒரு தடிப்புக்கூட இல்லை. பிறகு கேட்டாள்.

“அண்ணனுக்கு எங்க கொட்டிச்சு?”

நானும் யோசிக்காமல் சொன்னேன். முகம் பூரா, மார்பு பூரா, கண்ணையே திறக்க முடியவில்லை என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கு உறைத்தது.

அவள் கட்டை விரல் நகத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து என்னை ‘வாங்க, போங்க’ என்றே சொல்லிவந்தவள்.

“திரும்பு” என்றாள்.

நான் திரும்பி உட்கார்ந்தேன். விளக்கு வைக்கிற நேரம் தாண்டியும் அவள் சுரண்டிக்கொண்டிருந்தாள்.